சஃப்னாவின் மைக் டெஸ்ட்

எங்கள் மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். நாகர்கோவிலில் காது, மூக்கு, தொண்டைக்கு மட்டும் பார்க்கிற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சத்தியராஜ், இருபத்திரண்டு வருடமாக இங்கே டோக்கன் போடுகிறேன். என் மேசைக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் குரல் பயிற்சி அறை. தடுப்பு கூரை வரை போகாது, மேலே இரண்டு முழம் திறந்தே கிடக்கும். அதனால் அந்த அறையில் யார் முனகினாலும், யார் அழுதாலும் முதலில் கேட்பது நான்தான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காது இது.

குரல் கெட்டு வருகிறவர்களுக்கு இந்த மாவட்டத்தில் குறைவே இல்லை. கடற்கரையில் ஏலம் கூவுகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், கையில் மைக் இருக்கும்போதே கத்தி ஜெபிக்கிறவர்கள், தோவாளைச் சந்தையில் பூவுக்கு விலை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்கள். டாக்டர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பார். மருந்தால் தீராது என்று தோன்றினால் சீட்டில் ‘வாய்ஸ் தெரபி’ என்று கிறுக்கி இந்த அறைக்கு அனுப்பிவிடுவார். இங்கே பல வருடமாக பிந்து மேடம் ஒருவர்தான். குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலையும் அவர் தலையில்தான். இன்னொரு ஆள் வேண்டும் என்று எழுதி எழுதி அவர் ஓய்ந்துபோனார். கடைசியில் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஆளை எதற்கு நியமிக்க வேண்டும், படிக்கிற பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொன்னால் போதுமே.

அப்படி ஒரு பிப்ரவரி மூன்றாம் தேதி வந்து சேர்ந்தவள் சஃப்னா.

தேங்காப்பட்டணத்துப் பெண். வாப்பா முகம்மது மீரான் மஸ்கட்டில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். உம்மா ஹலீமா பீவி வீட்டில். பேச்சு, செவித்திறன் படிப்பில் பட்ட மேற்படிப்பு, கடைசி வருடம். குரல் பிரிவை ஏன் எடுத்தாய் என்று ஒருநாள் கேட்டேன். பெரிய லட்சியம் எதையாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். “காலேஜ்ல வாய்ஸ் லேப்ல மட்டும்தான் ஏசி உண்டு அண்ணே,” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன். பிறகு அதைக் கொஞ்சம் திருத்த வேண்டி வந்தது.

அவளுக்கு வேண்டியது நூற்று எண்பது மணி நேரம். ஜூன் முப்பதுக்குள் அத்தனை மணி நேரம் நோயாளிகளுக்கு நேராக உட்கார்ந்து குரல் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் லாக் புக்கில் பிந்து மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி குறைந்தாலும் தேர்வுக்கு உட்கார முடியாது, அடுத்த பேட்ச்சோடு ஆறு மாதம் கழித்துத்தான். கொச்சியில் ஒரு மருத்துவமனை ஆகஸ்டில் சேர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தது. மகளுக்கு வேலை என்று ஆன பிறகு மஸ்கட்டை முடித்துக்கொண்டு வருவதாக வாப்பா சொல்லியிருந்தார். எல்லாம் அந்த நூற்று எண்பதில் தொங்கியது.

காலை ஆறரைக்குத் தேங்காப்பட்டணத்தில் பஸ் ஏறுவாள். எட்டே முக்காலுக்கு அறையைத் திறப்பாள். முதல் வேலை மைக் டெஸ்ட். நோயாளியின் குரலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதற்கு முன் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பிந்து மேடம் வைத்த சட்டம். தினமும் ஒரே ஆள், ஒரே தூரத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரி சத்தம் கொடுக்க வேண்டும். திரையில் கோடு நேராக விழுந்தால் மைக் நல்லது. கோடு பிசிறினால் மைக்கில் கோளாறு.

“மைக் டெஸ்ட். சஃப்னா. பிப்ரவரி மூணு.” அடுத்து ஒரு “ஆ”. மூச்சு இருக்கிற வரைக்கும்.

முதல் நாள் அந்த ஆவைக் கேட்டு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கழுவித் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு போல அப்படி ஒரு சுத்தம். அது இருபது விநாடிக்கு மேல் நீண்டது. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், உள்ளே பாட்டு கிளாஸா என்று என்னிடம் கேட்டார்.

குரல் பயிற்சியை ஏதோ உட்கார்ந்து பேசுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. நோயாளிக்குத் தன் குரல் எங்கே இறுகுகிறது என்று தெரியாது. அதைக் காட்டுவதற்கு அவள் முதலில் அவரைப் போலவே தொண்டையை நெரித்துப் பேசிக் காட்டுவாள். “நீங்க இப்படி பேசுறீங்க.” பிறகு உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று மூக்குத்தண்டு அதிர இழுத்து, “இப்படி வரணும்.” நோயாளி ஒருமுறை செய்வதற்குள் அவள் நாலுமுறை செய்து காட்டியிருப்பாள். அவர் போனதும் அடுத்தவர், அவருடைய கெட்ட குரல். இப்படி ஒரு நாளில் பத்துப் பேரின் நோய் அவள் தொண்டை வழியாகப் போய்விட்டு வரும்.

பலன் இல்லாமல் இல்லை. ஜிபின் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, மீசை முளைத்தும் குரல் உடையவில்லை. போனில் பேசினால் எல்லாரும் மேடம் என்பார்களாம். நாலாவது நாள் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது, நான் டாக்டர் என்று எழுந்து நின்றுவிட்டேன். வெளியே வந்து என் மேசையருகில் நின்றே தன் அம்மாவுக்குப் போன் போட்டான். “ஆரு?” என்றாள் அவள். “நான்தாம்மா, ஜிபினு.” “எனக்க மகனுக்க போன நீ எதுக்குலே எடுத்தா?” என்று அவள் திட்டியது எனக்கே கேட்டது. சஃப்னா தடுப்புக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பும் கேட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த அறையிலிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட ஒரு மின்சார பெல் இருந்தது. அவள் வருவதற்கு முன்னாலேயே அது செத்துப்போயிற்று. பெல் மாற்றச் சொல்லி ஸ்டோருக்கு ஒரு சீட்டு எழுத வேண்டியவன் நான். இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். அதனால் அவள் ஒவ்வொரு தடவையும் தடுப்புக்கு மேலே தலை நிமிர்த்தி, “அண்ணே, அடுத்த ஆள அனுப்புங்க!” என்று கூப்பிட வேண்டியிருந்தது. வெளியே ஐம்பது பேர் இரைச்சல், ஒரு டிவி. சாதாரணமாகக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது.

அடுத்தது டோக்கன். பிந்து மேடம் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் பார்க்க மாட்டார். ஒன்பதாவது டோக்கன் போட்டால் என் மேசைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், போதும். சஃப்னாவிடம் எனக்கு அந்தப் பயம் இல்லை. “ஆரல்வாய்மொழியிலேருந்து வந்திருக்காங்க பிள்ளே, பாக்கியா?” என்று கேட்டால், “செரி அண்ணே, வரச் சொல்லுங்க.” பத்து பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு பதினான்காயிற்று. மணி நேரம் சீக்கிரம் நிறையும் என்று அவளுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று வந்து போனால் லாக் புக்கில் மணி எங்கே நிறையும்? நிறைந்தது என் டோக்கன் கட்டைக் காலியாக்குகிற திருப்தி மட்டும்தான்.

மார்ச் கடைசியில் மைக் டெஸ்டில் கோடு பிசிறத் தொடங்கியது.

“மைக்குதான் போச்சுன்னு நினைக்கேன்,” என்றாள் சஃப்னா. பிந்து மேடம் வந்து கோட்டைப் பார்த்து, ஆமாம் என்றார். பெல்லுக்கு ஒரு சீட்டு எழுதக் கை வராத நான், மைக் என்றதும் அன்றைக்கே எழுதினேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பொருளுக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா. மூன்று நாளில் புது ஒயர் வந்தது. கோடு பிசிறியது. ஏப்ரல் நடுவில் புது மைக்கே வந்தது. அதுவும் பிசிறியது. ஃபேனை நிறுத்திப் பார்த்தார்கள். எலக்ட்ரீசியன் ரதீஷைக் கூப்பிட்டோம். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஆரல்வாய்மொழியில காத்தாலைக் காத்தாடி கூடுதலா சுத்துது சார், கரண்டு ஏறி எறங்குது,” என்றான். அதையும் நம்பினோம். படித்தவர்கள் இரண்டு பேர், படிக்காத நான், சுவரைத் தட்டியவன் ஒருவன், நாலு பேரும், அவள் உட்பட, மைக்கையே பார்த்தோமே தவிர, அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கேட்கவில்லையா என்றால், கேட்டது. மே மாதம் அவள் “அடுத்த ஆள்” என்று கூப்பிட்டபோது கடைசி எழுத்து காற்றாகத்தான் வந்தது. இருபது விநாடி நீண்ட ஆ எட்டு விநாடியில் முறிந்தது. “சளியாக்கும் அண்ணே,” என்றாள். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்தாள், வாயில் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டாள். தினமும் பார்க்கிற முகம் மெலிவது தெரியாது என்பார்கள், குரலும் அப்படித்தான் போலிருக்கிறது. அவளுக்கும் தெரியவில்லையா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அடுத்தவன் தொண்டையில் மயிரளவு பிசிறையும் பிடிக்கிற காது அவளுடையது. தெரிந்திருக்கும். சளி என்று சொல்லிக்கொண்டு இருபத்தொன்பது மணி நேரத்தைத் தள்ளிவிடலாம் என்று பார்த்திருப்பாள். ஜூன் முதல் வாரம் லாக் புக்கில் நூற்று ஐம்பத்தொன்று ஆகியிருந்தது.

ஜூன் ஐந்தாம் தேதி நேசம்மாள் வந்தாள்.

இனயத்து மீன்காரி, ஐம்பத்தாறு வயது. மார்ச்சில் முதல்முறை வந்தபோது அவள் பேசியதைக் கேட்க எனக்கே தொண்டை எரிந்தது. குரல் நாண் இரண்டிலும் முடிச்சு. கூவக் கூடாது என்று சஃப்னா சொன்னதும் சண்டைக்கு வந்தாள். “கூவாம மீனு எப்பிடி விக்க? மூணு வீடு தள்ளி நிக்கியவளுக்கு எனக்க சத்தம் கேட்டாத்தான சட்டி எடுத்துட்டு வருவா?”

“சைக்கிள் பெல் ஒண்ணு வாங்கி கடவத்துல கெட்டுங்கம்மா,” என்று சஃப்னா சொன்னாள். “அத அடிங்க. யாரையும் தூரத்துல நின்னு கூப்பிடாதீங்க. பக்கத்துல போய் பேசுங்க.” இதைச் சொல்லி முடித்த வாயோடு தடுப்புக்கு மேலே, “அண்ணே, அடுத்த ஆள அனுப்புங்க!”

நேசம்மாள் மீன் கூடையில் பெல்லைக் கட்டினாள். மூன்று மாதம் தவறாமல் வந்து ‘ம்ம்ம்’ சொன்னாள். அன்றைக்கு மறுபரிசோதனை. பிந்து மேடம் காது சோதனை அறையில் ஒரு குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இந்த அறையில் சஃப்னா பதிவு செய்தாள். நேசம்மாள் ஆ என்றாள். நன்றாகவே இருந்தது, பிசிறில்லாத நல்ல முழுக்குரல்.

உள்ளே நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

“என்ன பிள்ளே? கெட்டுப் போச்சா?” என்றாள் நேசம்மாள்.

“இல்லம்மா. ஒங்க கோடு நேரா விழுந்திருக்கு.”

“பின்ன எதுக்கு மொகம் இப்பிடி ஆவுது?”

“இந்த மைக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தோம்.”

மவுஸ் சொடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். “மைக் டெஸ்ட். சஃப்னா. பிப்ரவரி மூணு.” அந்த ஆ எழும்பி, தடுப்புக்கு மேலே வந்து, வெளியே வரிசையின் இரைச்சலுக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. மறந்தே போயிருந்தேன். அடுத்து இன்னொரு சொடுக்கு. “மைக் டெஸ்ட். சஃப்னா. ஜூன் அஞ்சு.” அன்று காலையில் பதிந்தது. அதற்குப் பின்னால் வந்ததை ஆ என்று சொல்ல முடியாது.

“மொதல்ல பேசினது ஆரு?” என்றாள் நேசம்மாள்.

“நான்தான்.”

“ரெண்டாவது?”

“அதுவும் நான்தான்.”

நேசம்மாள் கேட்டாள். “மக்களே, ஒனக்க சத்தம் எங்க போச்சு?”

சஃப்னா அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நேசம்மாள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“சாரே, நீரு இஞ்சதான இருக்கேரு? ஒமக்குக் கேக்கலியா? எனக்குப் பெல்லு கெட்டச் சொன்ன பிள்ளை இஞ்ச நின்னு தொண்டையக் கீறுது. ஒரு பெல்லு வாங்கி வைக்கப்படாதா?”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் திட்டாத திட்டு இல்லை. இதற்குத்தான் நான் தலையைக் குனிந்தேன். வெட்கமாக இருந்தது.

மத்தியானம் சஃப்னா டாக்டர் முன்னால் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நாணிலும் முடிச்சு, சின்னது. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதன்பிறகு பயிற்சி. ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் இப்படியே இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் தான் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். ஜூன் ஐந்தோடு மூன்று வாரம் கூட்டினால் மீதி நாலு நாள். நாலு நாளில் இருபத்தொன்பது மணி நேரம் வராது.

சாயங்காலம் பிந்து மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். “கையெழுத்துப் போட்டுருங்க மேடம். இந்தப் பிள்ளை இங்க உழைச்ச உழைப்புக்கு இருபத்தொம்பது மணி நேரம் பெரிசா? யாரு வந்து எண்ணப் போறா?”

மேடம் என்மேல் எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அன்றைக்கு எரிந்து விழுகிற நிலையில் இல்லை. “நான்தானே கோட்டப் பாத்து மைக்குன்னு சொன்னேன்,” என்றார். லாக் புக்கைத் திறந்து பேனாவை எடுத்தார். எதிரே நின்ற சஃப்னாவிடம், “நீ செரின்னு தலையாட்டு. போடுறேன்,” என்றார்.

எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத பெண். தலையாட்டிவிடுவாள் என்றுதான் இருந்தேன். அவள் என் டோக்கன் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து எழுதினாள். ‘மைக் மேல பழி போட்டது போதும் மேடம்.’ பிறகு லாக் புக்கை மூடி, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கொச்சிக்காரர்கள் காத்திருக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். விடுப்புக் கடிதம் கொடுக்க அவளோடு ஹலீமா பீவியும் வந்திருந்தார். மகளுக்கும் சேர்த்து அவர்தான் பேசினார். “வாப்பா தெனமும் வீடியோவுல வருவாரு. இவ கையாட்டுவா, சிரிப்பா. தொண்டை விஷயம் அவருக்கு இன்னும் சொல்லல்ல. ‘நெட்வொர்க் சரியில்ல, சத்தம் வரல்ல, நெட்வொர்க் சரியில்ல’ன்னு போன போட்டுத் தட்டுவாரு. ஒரு வாரம் அப்பிடியே போச்சு. நேத்து புது போனு வாங்கியிருக்காரு.” சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சஃப்னா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே காரியம், பெல்லுக்குச் சீட்டு எழுதியது. இரண்டாம் நாளே வந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தாலும் இரண்டாம் நாளே வந்திருக்கும்.

ஜூலை ஏழாம் தேதி அவள் திரும்ப வந்தாள். தேர்வு டிசம்பரில்தான். ஆனாலும் மீதி மணி நேரத்தை இங்கேயே முடிக்கிறேன் என்று கேட்டிருந்தாள். எட்டே முக்காலுக்கு அறை திறந்தது. நான் டிவியை நிறுத்தினேன். வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினேன். ஏன் என்று கேட்டார்கள், சொல்லவில்லை.

“மைக் டெஸ்ட். சஃப்னா. ஜூலை ஏழு.”

ஆ வந்தது. பதினொரு விநாடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிப்ரவரியின் ஆ இல்லை. தொடக்கத்தில் ஓர் இழை பிசிறியது. ஆனால் அது குரல்தான், காற்று இல்லை.

எட்டரையிலிருந்தே பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். பழக்கதோஷம், நான் பதினான்கு டோக்கனையும் எழுதி அடுக்கி வைத்திருந்தேன். முதல் ஆளுக்கு நீட்டும்போது கதவு திறந்தது. சஃப்னா வெளியே வந்து, நடந்து, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அண்ணே, எட்டுப் பேர் போதும்.”

“ஆரல்வாய்மொழியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க பிள்ளே,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கடைசியில் நின்ற அந்த அம்மாள், தலையில் கட்டிய துண்டோடு, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சஃப்னா அவரைப் பார்த்தாள். முகத்தில் பழைய ‘செரி அண்ணே’ வந்துவிட்டது, நான் கண்ணால் பார்த்தேன். அவள் அதை விழுங்கிவிட்டு அந்த அம்மாளின் பக்கத்தில் போனாள், தோளைத் தொட்டு மெல்லச் சொன்னாள். “இன்னைக்கு முடியாதும்மா. நாளைக்கு மொத ஆளா பாக்கேன்.”

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். சஃப்னா கதவு வரை நின்று அவர் போவதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முதல் பெல்லை அடித்தாள். நான் ஆறு டோக்கனை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டேன்.